அப்பாவின் வலது உள்ளங்காலைக் காட்டப் போன பயணம்: வேப்பம்பட்டு – ஆவடி – பூந்தமல்லி

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். ஆவடி–பூந்தமல்லி வழியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால், இப்படி ஒரு கட்டுரை இருக்கிறது என்றுகூட அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த வழியில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் என் அப்பாவைத் தெரியும்.

இந்தப் பக்கத்தை முன்பே படிப்பவர்களுக்கு என் வழக்கம் தெரியும். பூண்டி ஏரி, பழவேற்காடு, திருநின்றவூர் கோயில் என்று ஒருநாளில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றி எழுதுவேன். எங்கே ஏறுவது, எவ்வளவு ஆகும், கழிப்பறை இருக்கிறதா என்பதெல்லாம் இருக்கும். எழுதுபவள் பிளஸ் ஒன் படிக்கிற பெண் என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை. போன பதிவின் கீழே ஒரு தோழி கேட்டிருந்தார்: "பூந்தமல்லியில் இலவசத் தோல் பரிசோதனை முகாமுக்கு யாராவது போனீர்களா? என் அம்மா காலில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. எப்படிப் போவது, என்ன செய்வார்கள்?" நான் அங்கே போய்விட்டு வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. தோழி, இது உங்களுக்காக.

அறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, உயிரியல் புத்தகத்தின் நடுவில் போனை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் ஹாலில் படுத்திருக்கிறார்கள். நான் பரீட்சைக்குப் படிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது பாதியில் நின்றால் யாரோ எழுந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவரை எழுதினேனோ அதுவரை போட்டுவிடுவேன்.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு மூன்று சக்கர ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வண்டிக்குள் செருப்பு போட மாட்டார். வண்டி சாமி மாதிரி, அதைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்பார். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வெறுங்காலால்தான் பிரேக்கை அழுத்துவார். அதனால் அவர் வலது காலில் எப்போதும் கிரீஸ் கறை இருக்கும். நான்கு வருடத்துக்கு முன்னால் அந்தக் காலின் குதிகாலை ஒட்டி எள்ளளவு ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. முதலில் கறை என்று நினைத்து அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். போகவில்லை. மச்சம் என்று முடிவானது.

அதுவரை அப்பா வாடகை வண்டிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வருடமே சொந்த வண்டி வந்தது. உள்ளங்காலில் மச்சம் வந்தால் வாகன யோகம் என்று ஜோசியர் சொன்னாராம். அப்பா எல்லோரிடமும் ஒரே ஜோக்கைச் சொல்ல ஆரம்பித்தார்: "ஆட்டோவுக்கு மூணு சக்கரம். நாலாவது சக்கரம் எங் கால்ல கீது."

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் அப்படித்தான் வந்தது. ஆயுத பூஜை அன்று அம்மா வண்டியின் மூன்று சக்கரத்துக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பார். அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வலது காலை வெளியே நீட்டுவார். அம்மா சிரித்துக்கொண்டே அந்த மச்சத்துக்கும் குங்குமம் வைப்பார். நான் போட்டோ எடுப்பேன். அந்த போட்டோவை அப்பா சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புவார். மச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. யோகமும் பெரிதாகிறது என்று எங்களுக்குச் சந்தோஷம். மூன்றாம் வருடம் வேப்பம்பட்டில் இந்த வீட்டைக் கட்டி முடித்தோம்.

போன மாதம் எங்கள் பள்ளிக்கு உடல் பரிசோதனை செய்ய ஒரு நர்ஸ் வந்தார். கண், பல் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகத் தோலைப் பற்றிச் சொன்னார். மச்சத்தை மனதுக்குள் இரண்டாக மடித்துப் பாருங்கள், இரண்டு பாதியும் ஒன்றுபோல் இருக்கிறதா. ஓரம் வட்டமாக இருக்கிறதா, சிந்திய மை மாதிரி இருக்கிறதா. ஒரே நிறமா, பல நிறமா. பென்சிலின் பின்பக்கத்தை விடப் பெரிதா. எல்லாவற்றையும் விட முக்கியம், மாறிக்கொண்டே இருக்கிறதா. "நம்ம ஆளுங்களுக்கு இந்தத் தோல் புற்றுநோய் அபூர்வம். ஆனா வந்தா வெயில் படுற இடத்துல வரணும்னு இல்ல. உள்ளங்கால்ல வரும், நகத்துக்கு அடியில வரும். அங்கதான் யாரும் பாக்கறதே இல்ல" என்றார். பின்பெஞ்சில் ஒருத்தி தன் ஷூவைக் கழற்றி முகர்ந்து காட்டினாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா கால் கழுவிவிட்டு டிவி முன்னால் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வலது உள்ளங்கால் என்னைப் பார்த்து இருந்தது. நான் பென்சிலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தக் கறுப்புக்குள் மூன்று பென்சில் பின்பக்கமாவது அடங்கும். ஒருபக்கம் கரி நிறம், ஒருபக்கம் பழுப்பு, நடுவில் ஊதா. ஓரம் ஏரிக்கரை மாதிரி உள்ளே போய் வெளியே வந்து இருந்தது. ஒரு இடத்தில் வெடித்து ஈரமாக இருந்தது. பென்சிலோடு சேர்த்து போட்டோ எடுத்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "வாய மூடிகினு படிக்கிற வேலயப் பாரு. அந்த மச்சம் வந்தப்பறம்தான் நமக்குன்னு ஒரு ஊடு வந்துச்சு. நல்லா கீற மனுசனப் போய் இன்னா பேச்சுப் பேசுற" என்றார். அப்பாவிடம் "டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டலாமா" என்று கேட்டேன். "காட்டினா அவரு வெட்டி எடுத்துக்குவாரு. அப்பால யோகம் அந்த டாக்டருக்குப் பூடும். நமக்கு ஒரு சக்கரம் கம்மியாயிடும்" என்று சிரித்தார். சிரித்துவிட்டுக் காலை மடக்கி லுங்கிக்குள் இழுத்துக்கொண்டார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்ததில்லை.

ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டில் முகாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை, காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை, பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபம், அனைவருக்கும் இலவசம். ஆள் வரவில்லை என்றால் போட்டோவில் இருக்கிற அவர் காலையாவது கொண்டுபோய்க் காட்டுவோம் என்று முடிவு செய்தேன்.

இனி பயணம்.

வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு யூனிபார்மிலேயே கிளம்பினேன். வேப்பம்பட்டில் 7.40 மின்சார ரயில். ஆவடிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரும். டிக்கெட் ஐந்து ரூபாய், எனக்கு சீசன் டிக்கெட் இருக்கிறது. சனிக்கிழமை என்பதால் திருநின்றவூரிலேயே உட்கார இடம் கிடைத்தது. போனில் இருந்த போட்டோக்களை ஒரு தனி ஆல்பமாகச் சேர்த்தேன். பென்சில் வைத்து எடுத்தது இரண்டு, அம்மா போனிலிருந்து அனுப்பிக்கொண்ட ஆயுத பூஜை போட்டோ நான்கு. பூஜை போட்டோக்களை எதற்குச் சேர்த்தேன் என்று அப்போது தெளிவாகத் தெரியாது. எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டால் காட்டலாம் என்று நினைத்திருப்பேன்.

ஆவடியில் 8.05க்கு இறங்கினேன். பூந்தமல்லிக்கு ஒன்பது பத்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய், சீக்கிரம் போகும். என்னால் அதில் ஏற முடியாது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம், ஆனால் சில நாள் அரை மணி நேரம் நிற்க வேண்டும். ஆட்டோ வரிசை நிற்கும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பூக்காரம்மாவின் குடை மறைவில் நின்றேன். 8.30க்கு பஸ் வந்தது. பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போது எதிரில் அப்பாவின் வண்டி வந்தது. முன்கண்ணாடியில் என் பெயர் எழுதியிருப்பதால் தூரத்திலேயே தெரியும். ஷூ கயிறு கட்டுவது போலக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது காடுவெட்டி வந்திருந்தது.

சென்னீர்குப்பத்தில் வழக்கமான நெரிசல். மெட்ரோ பாலத்தின் தூண்கள் கண்ணில் பட்டால் பூந்தமல்லி வந்துவிட்டது என்று அர்த்தம். 9.15க்கு பஸ் நிலையத்தில் இறங்கினேன். மண்டபத்துக்கு ஏழு எட்டு நிமிட நடை. வழி கேட்டால் எல்லோரும் சொல்வார்கள்.

மண்டபத்தில் முந்தின நாள்தான் ஒரு கல்யாணம் முடிந்திருந்தது. வாசலில் வாழைமரம் தலை தொங்கிக்கொண்டு நின்றது. மேடையில் மாப்பிள்ளை பெண் பெயர் எழுதிய பூ அலங்காரம் அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் மேசை போட்டுப் பெயர் பதிந்தார்கள். டாக்டர்கள் மணமகள் அறையில் பெண்களைப் பார்த்தார்கள், மணமகன் அறையில் ஆண்களை. செருப்பை வெளியிலேயே விடச் சொன்னார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். குழந்தைகளோடு சாப்பாட்டுப் பந்திக்கு உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது.

எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். கணவர் இடுப்பைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

"கைய எடுய்யா. சொறிஞ்சு சொறிஞ்சு டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடியே தேச்சு அழிச்சுடுவ போல."

"கம்முனு இரு. ஜனம் கீது."

"ஊட்ல எங்கிட்ட மட்டும் சட்டயத் தூக்கி தூக்கிக் காட்னியே, அப்போ எங்க பூட்டுது வெக்கம்" என்றார் அந்த அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "படைதான் பாப்பா. ஒரே ஜீன்ச மூணு நாளு போட்டுகினு சுத்துனா வராம இன்னா பண்ணும். நீ தனியாவா வந்த? உனக்கு இன்னா?" என்றார்.

"பரு" என்றேன்.

"இந்த வயசுல பருவு வந்தா அழகுதான். நீ இன்னாத்துக்குப் பயந்துகினு கீற?"

என் முகத்தில் அவ்வளவு தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

தோழி, என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். பயப்பட எதுவும் இல்லை. ஊசி கிடையாது. நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்துத் தலை வகிடு, காது மடல், கழுத்து, முதுகு, உள்ளங்கை, நகங்கள், உள்ளங்கால், விரல் இடுக்கு என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். புள்ளி ஏதாவது இருந்தால் விளக்கு வைத்த ஒரு சின்ன லென்ஸை அதன்மேல் ஒட்டிவைத்துப் பார்க்கிறார்கள். ஐந்தாறு நிமிடம். வந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் படை, அரிப்பு, சாதாரண மச்சம்தான். மருந்து வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனார்கள். உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும்.

என்னைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார். என் கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, "உனக்கு ஒண்ணும் இல்லம்மா. பருவக் கிள்ளாம இரு, தானாப் போயிடும்" என்றார். எழுந்துகொள்ள வேண்டிய நேரம். நான் எழுந்திருக்கவில்லை. போனை எடுத்து நீட்டினேன்.

அவர் கண்ணாடியை இறக்கினார். படத்தை விரலால் பெரிதாக்கினார். அதுவரை பக்கத்து நர்ஸோடு காலைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்தினார்.

"யார் கால் இது?"

"அப்பாது."

"அவர் எங்க?"

"வண்டி ஓட்டறார். வர மாட்டார் மேடம். அது அதிர்ஷ்ட மச்சம்னு சொல்வாங்க எங்க வீட்ல."

"எவ்வளவு நாளா இருக்கு? முதல்லயிருந்தே இந்த அளவா?"

நான் பூஜை போட்டோக்களைக் காட்டினேன். நான்கையும் அவர் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அப்போதுதான் நானும் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். அம்மா எப்போதும் மச்சம் மறைகிற அளவுக்குச் சரியாகக் குங்குமம் வைப்பார். முதல் வருடம் தீக்குச்சி முனையால் வைத்த ஒரு பொட்டு. இரண்டாம் வருடம் மோதிர விரல். மூன்றாம் வருடம் அம்மா நெற்றியில் வைத்திருப்பதை விடப் பெரிது. போன வருடம் கட்டைவிரலால் இரண்டு தடவை அப்பியிருந்தார், அப்படியும் ஓரத்தில் கறுப்பு வழிந்து வெளியே தெரிந்தது. எல்லாப் படத்திலும் அப்பா ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். "நாலு வருஷமா எல்லாருமே பாத்துகிட்டுதான் இருந்திருக்கீங்க" என்றார். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கேன்சரா மேடம்?"

"போட்டோவ வெச்சுச் சொன்னா நான் டாக்டர் இல்ல, ஜோசியக்காரி. ஆளப் பாக்கணும். லென்ஸ் வெச்சுப் பாத்துட்டு, ஒரு சின்னத் துண்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். அது வந்தாத்தான் என்னன்னு சொல்ல முடியும். அதுக்கு நடுவுல கால் ஆணி மருந்து, பிளாஸ்டர், பிளேடு எதுவும் அது மேல படக்கூடாது."

"சின்னதா இருக்கும்போதே வந்திருந்தா?"

அவர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். "இந்த மாதிரிப் புள்ளிய மேலோட்டமா இருக்கும்போதே பாத்தா, வெட்டி எடுத்துட்டா முடிஞ்சுது. அதுக்குத்தான் எல்லார் காலையும் பாத்துகிட்டு உக்காந்திருக்கோம்." பிறகு, "வீட்ல ஒண்ணு மட்டும் கேளு. வலது தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கா, கட்டி மாதிரி தட்டுப்படுதான்னு" என்றார்.

"கட்டியிருந்தா என்ன மேடம்?"

"கேட்டுட்டு வாம்மா" என்றார் மறுபடியும். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வேலை பார்க்கும் அரசு ஆஸ்பத்திரியில் புறநோயாளிகள் பிரிவில் அவரே இருப்பாராம். எப்படியாவது அப்பாவைக் கூட்டி வர வேண்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது என்றார். நான் வெளியே வந்தபோது அந்தப் படைக்காரர் மனைவியோடு வாழைமரத்தடியில் நின்று மருந்து டியூபைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

நேரம் 10.50. பஸ் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. பாபு மாமா. அப்பாவோடு ஒரே வரிசையில் வண்டி போடுபவர். நான் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து தெரியும்.

"தே பாப்பா. ஸ்கூலு ஆவடிலதான கீது? இங்க இன்னா பண்ற?"

அவர் எனக்குப் பின்னால் இருந்த முகாம் பேனரைப் படித்தார்.

"தோலு டாக்டரா? ஓ, மூஞ்சில கீற பருவுக்கா? அதுக்கெதுக்கு டாக்டரு. கடலமாவு போடு, போதும். எம் மூஞ்சியப் பாரு, எப்டி மின்னிகினு கீது."

"அதப் பாக்க முடியாமத்தான் நாங்கல்லாம் பின்னாடி உக்காந்துகினு கீறோம். வண்டிய எடு" என்றார் பின்சீட்டில் ஒரு அம்மா.

நான் டிரைவர் சீட்டின் ஓரத்தில் ஏறிக்கொண்டேன். பஸ்ஸில் போகிறேன் என்றால் சந்தேகம் வரும். "மாமா, அப்பாட்ட சொல்லிடாதீங்க" என்றேன்.

"நான் ஏன் சொல்லப்போறேன். ஸ்பெஷல் கிளாசுன்னு டபாய்ச்சிட்டு வந்துகினு கீற, கரீட்டா?" சிரித்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, குரலைத் தணித்துக்கொண்டு, "உங்க ஊட்ல எல்லாருமே ஒரு மாரியாத்தான் கீறீங்க. உங்கப்பன் பத்து நாளா எடது காலக் குறுக்கால போட்டு பிரேக் அழுத்திகினு கீறான். இன்னாடா மச்சான், வண்டி ஓட்றியா டான்ஸ் ஆட்றியான்னு கேட்டேன். உள்ளங்கால்ல அது பொளந்துகினு கீதாம். தொடைல நெறி வேற கட்டிகினு எலுமிச்சம்பழமாட்டம் கீதாம். வலது கால்ல வெயிட்டு போட முடில பாபுன்றான். டாக்டராண்ட போடான்னா, பாப்பாவுக்குப் பரீட்ச முடியட்டும், ஊட்ல சொல்லிடாதன்றான்" என்றார்.

வண்டி சென்னீர்குப்பம் சிக்னலில் நின்றது.

"நீயும் சொல்லாத, நானும் சொல்லல. சரியா? அவன் சொல்லாதன்னத உங்கிட்ட சொல்லிட்டேன்னு தெரிஞ்சா என்னத் தொலச்சுடுவான்" என்றார் பாபு மாமா.

டாக்டர் கேட்டுவிட்டு வரச் சொன்ன கேள்விக்கு, யாரிடமும் கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று டாக்டர் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதிலிருந்தே புரிந்துகொண்டேன். மீதித் தூரம் எப்படிப் போனது என்று எழுத எனக்கு ஞாபகம் இல்லை. ஆவடியில் பாபு மாமா காசு வாங்கவில்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இரண்டு ரயிலை விட்டுவிட்டேன். எனக்குப் பக்கத்தில் ஒரு தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். அவர் உள்ளங்காலைப் பார்த்தேன். வெடிப்பு மட்டும்தான் இருந்தது. இப்போதெல்லாம் யாருடைய காலைப் பார்த்தாலும் பார்த்துவிடுகிறேன்.

சனிக்கிழமை ராத்திரி சொல்ல நினைத்தேன். அப்பா முகூர்த்த நாள் சவாரி முடித்துவிட்டு எங்களுக்குப் பரோட்டா வாங்கி வந்திருந்தார். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, "அப்பா, கால் வலிக்குதா" என்று மட்டும் கேட்டேன். "எனக்கா? நாலு சக்கரம்டி எனக்கு" என்றார். பழைய ஜோக். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்பு டிவி பார்க்கும்போது காலை எங்கள் பக்கம் நீட்டிப் படுப்பார். இப்போது சுவர்ப் பக்கம் நீட்டிக்கொள்கிறார். இன்று சாயங்காலம் வண்டியைத் துடைக்கிறேன் என்று போனேன். சீட்டுக்கு அடியில் செருப்புக்குப் பக்கத்தில் கால் ஆணி பிளாஸ்டரின் காலி அட்டை இரண்டு கிடந்தது.

நான் பரீட்சைக்காகப் பயப்படக் கூடாது என்று அவர் மறைக்கிறார். அவர் பயப்படக் கூடாது என்று நான் மறைக்கிறேன். அம்மாவுக்கு இரண்டுமே தெரியாது. இன்று திங்கட்கிழமை. டாக்டர் சொன்ன செவ்வாய்க்கிழமை விடிந்தால் வந்துவிடும். நாளைக்குச் சொல்லவில்லை என்றால் அடுத்த செவ்வாய் வரும், அதற்கும் அடுத்தது வரும். நான்கு வருடமும் இப்படித்தான் போயிருக்கிறது. சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று ஒரு எண்ணமும் வருகிறது. எலுமிச்சம்பழம் அளவு என்றாரே. இதையெல்லாம் எழுதும்போது ஆயுத பூஜை போட்டோ எடுத்தபோது நான் சொன்னதே காதில் கேட்கிறது: "அப்பா, காலை இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்க, நல்லா தெரியட்டும்."

தோழி, உங்களுக்குச் சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

முகாம் இல்லாத நாளிலும் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு இருக்கும். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்கினால் மதியத்துக்குள் முடிந்துவிடும். எனக்கு ஆன செலவு ஒரு டீ, பத்து ரூபாய். யூனிபார்மில் போகாதீர்கள், எல்லோரும் கேள்வி கேட்பார்கள். போவதற்கு முன்னால் அம்மாவின் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கொலுசு போட்டோ, மருதாணி வைத்த போட்டோ எதிலாவது அந்த இடம் தெரிந்தால் அதையும் எடுத்துப் போங்கள். புள்ளி வளர்ந்திருக்கிறதா என்று டாக்டருக்கு அதுதான் சொல்லும். மஞ்சள், சுண்ணாம்பு, கால் ஆணி மருந்து எதையும் போட விடாதீர்கள். மாதம் ஒருநாள் வீட்டில் எல்லோருடைய உள்ளங்காலையும் பாருங்கள், நகத்தையும் விரல் இடுக்கையும் சேர்த்து. கூச்சமாக இருந்தால் நகம் வெட்டிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பாருங்கள். நல்ல மச்சமோ கெட்ட மச்சமோ, பெரிதாகிக்கொண்டே இருந்தால் அதைக் கொண்டாடாதீர்கள். எள்ளளவாக இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

ஒன்றே ஒன்று. நான் செய்த மாதிரி போட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஆளோடு போங்கள். அழுது, சண்டை போட்டு, சாப்பிடாமல் இருந்தாவது கூட்டிக்கொண்டு போங்கள். நானும் நாளைக் காலை ஐந்தரை மணிக்கு அவர் வண்டியை எடுப்பதற்கு முன்னால் வாசலில் போய்

ஹாலில் விளக்கு போட்டிருக்கிறார்கள். கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறது.

யாரோ நடந்து வருகிறார்கள். இடது கால் வைப்பது கேட்கிறது. வலது கால் வைப்பது கேட்கவில்லை.

தட்டுகிறார். "பாப்பா, தொற. பாபு எல்லாத்தயும் சொல்லிட்டான்" என்கிறார். அப்பாதான். அவர் இவ்வளவு மெதுவாக என்னை ஒருநாளும்